திருப்பி அனுப்பும் செலவு

நான் பார்சலில் வந்தவன். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் என் கையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். சிரிப்பவர்களை எனக்குப் பிடிக்கும். தொட்டுப் பார்ப்பவர்களைக் கண்டால் இப்போதும் கையை இழுத்துக்கொள்கிறேன்.

பெயர் ஆவுடையப்பன், ஊர் சங்கரன்கோவில். வளைகுடாவில் நான்கு வருடம் உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தேன். போகும்போது விமானத்தில்தான் போனேன். நான் அங்கே இருந்த காலத்தில் எரிபொருள் விலை எங்கேயோ போய், விமானம் என்பது பெரிய மனிதர்களின் சமாச்சாரம் ஆகிவிட்டது. முகாமில் இருந்த நாங்கள் ஊர் திரும்ப வழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் 'நொடிவழி' என்ற கம்பெனி ஆட்களையும் அனுப்ப ஆரம்பித்தது. அதுவரை அவர்கள் கைபேசியையும் சேலையையும் கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் எந்திரத்தில் வைத்து, மறுநொடி இந்தப் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆளைப் பயணி என்று எழுதினால் அதற்குச் சட்டம், காப்பீடு, ஆயிரம் தொல்லை. பொருள் என்று எழுதிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. அதனால் அவர்களுடைய இணையக் கடையில் பாத்திரம், துணிமணி என்ற வரிசையில் 'வீடு திரும்புதல்' என்று ஒரு பிரிவைத் திறந்தார்கள். என் மனைவி கோமதி தன் போனில் அதற்குள் போய், என் படத்தைத் தேடிப் பிடித்து, கூடையில் போட்டு, தீபாவளித் தள்ளுபடியில் என்னை வாங்கினாள். கூடையில் என்னோடு ஓர் இட்லி குக்கரும் இருந்தது. அது எனக்கு முந்தின நாளே வந்து சேர்ந்துவிட்டது.

அனுப்பும் நிலையத்தில் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் என்னைப் படுக்கச் சொன்னார்.

"வலிக்குமா சார்?" என்று கேட்டேன்.

"வலிக்காது. நீங்க படுத்திருப்பீங்க, உங்கள அப்படியே படிச்சு அந்தப் பக்கம் அனுப்புவோம். அங்க ஒரு நீங்க எந்திரிப்பீங்க."

"அப்ப இங்க படுத்திருக்கற நான்?"

"குளிர் அறையில தூங்குவீங்க. வாங்கினவங்க ஏத்துக்கிட்டாங்கன்னு தகவல் வந்ததும் இங்க உள்ளத முடிச்சிருவோம். ரெண்டு பேர் நடமாட முடியாதுல்ல. அவங்க வேண்டாம்னு திருப்பி அனுப்பினா, வந்து சேர்ந்தத முடிச்சிட்டு உங்கள எழுப்பி விட்ருவோம்."

எப்படியும் ஒருத்தன் மிஞ்சுவான், அவன் நான்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பார்சல் கிடங்கில், மார்பில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டு உட்கார்ந்திருந்தேன்.

கோமதி தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர் பெயர் சண்முகையா, பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். அவள் என்னைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கவுண்டரில் இருந்த எந்திரம், "பொருளைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்ய, பொருளின் பெயரைச் சொல்லவும்" என்றது.

அங்கேதான் வந்தது வினை. கோமதி என் பெயரைச் சொல்லமாட்டாள். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டைத் திருப்பிக் காட்டி விரலை வைப்பாள். என்னைக் காட்டி, எந்திரத்தைப் பார்த்து, "இவியதாங்க" என்றாள். எந்திரம் மறுபடி கேட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மச்சான்தான் பொறுமை இழந்து, "ஆவுடையப்பன்" என்று உரக்கச் சொன்னார். எந்திரத்தில் மணிச்சத்தம் ஒன்று கேட்டது. பசியோடு இருந்த ஊழியன், "முடிஞ்சது, கூட்டிட்டுப் போங்க" என்றான். நாங்களும் நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அன்று மாலையே கோமதியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'உங்கள் ஆவுடையப்பன் எப்படி இருக்கிறார்? நட்சத்திரம் கொடுங்கள். திருப்தி இல்லையெனில் பெற்றுக்கொண்டதிலிருந்து பதினைந்து நாளுக்குள் திருப்பலாம்.' அவள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். என்னிடமும் காட்டினாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு அந்தச் செய்தியை மறுபடி படித்தேன். அங்கே படுத்தபோது 'முடிச்சிருவோம்' என்ற வார்த்தை வேறு யாருக்கோ என்பதுபோல் இருந்தது. இங்கே எழுந்த பிறகு அது எனக்கும் உரியது என்று புரிந்தது. நான் நட்சத்திரம் வாங்க வேண்டியவன்.

அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். நாற்பதாவது மாடியில் ஒற்றைக் குழாயில் நின்று வேலை பார்த்தவன் நான். அங்கே பயந்தால் குழாயைப் பிடித்துக்கொள்ளலாம். இங்கே பிடித்துக்கொள்ள இருந்தது கோமதி ஒருத்திதான், பயமும் அவளிடம்தான்.

பழைய ஆவுடையப்பனின் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். குழம்பில் உப்புக் குறைந்தால் வட்டிலைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பான். மச்சான் கேட்காமல் வண்டியை எடுத்தால் மூன்று நாள் அவரோடு பேச மாட்டான். கோமதியும் சளைத்தவள் இல்லை, ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். சத்தம் போட்டு ஓய்ந்து, சேர்ந்து சாப்பிடுவதுதான் எங்கள் குடித்தனம். எங்களுக்குக் குழந்தை இல்லை, வீட்டில் வேறு சத்தமும் கிடையாது.

நானோ சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தேன். மச்சான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேறாக்கிக் கொண்டுவந்தார், துடைத்து நிறுத்தினேன். கோமதி விசைத்தறிக்காரர்களுக்கு வீட்டிலேயே நூலைக் குச்சியில் தாராகச் சுற்றிக் கொடுக்கிறவள். அவள் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால், நூல் அறுந்தால் எடுத்துக் கொடுக்க நான் பக்கத்தில் தயாராக உட்கார்ந்தேன். அவள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தேன்.

ஒரு நாள் ரசம் வைத்தாள். ஒரு கல் உப்புக்கூட இல்லை. வேண்டுமென்றே போடாமல் விட்டிருக்கிறாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"ரசம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு கோமு. இன்னும் கொஞ்சம் விடு."

கரண்டியைப் பிடித்த அவள் கை அப்படியே நின்றது. என் முகத்தையே பார்த்தாள். ஊற்றிவிட்டு எழுந்து உள்ளே போனாள். நான் அந்த ரசத்தை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன்.

மறுநாள் நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணனும் தங்கையும் அடுக்களையில் பேசியது கேட்டது.

"அண்ணே, இவிய அவிய இல்ல."

"என்ன பிள்ள சொல்லுத? அதே மூக்கு, அதே தழும்பு."

"தழும்பெல்லாம் இருக்கு. ஆள் இல்ல. உப்பில்லாத ரசத்த நல்லா இருக்குன்னு குடிக்காவ. நான் பாத்தா சிரிக்காவ. வரும்போது வழியில என்னமோ விட்டுப்போச்சுண்ணே. எனக்குப் பயமா இருக்கு."

மச்சான் ஜன்னலோரம் வந்து நின்றார். போனில் எதையோ படித்தார். "திருப்பி அனுப்பலாம். ஆனா அனுப்புற செலவு நம்ம தலையில. இங்கேருந்து அனுப்புறதுக்கு எடை பார்த்துக் காசு, தள்ளுபடி கெடையாது. வீட்ட வித்தாலும் பத்தாது. அதான் இதுவரைக்கும் ஒருத்தரும் திருப்பி அனுப்பல."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்லங்கான். எவனால முடியும்?"

நான் ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் அஞ்சல் செலவைத் திட்டுவார்கள். எனக்கு அன்று அதுதான் குலதெய்வம். அது மட்டும் குறையாமல் இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

ஓடிப்போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கே ஓட? ஏற்பு முடியும்வரை என் அடையாள எண் குளிர் அறையில் தூங்குகிறவனுக்குத்தான் சொந்தம். என் விரலை எங்கே வைத்தாலும் 'பொருள், நிலுவையில்' என்று வரும். அந்த விரலுக்கு எந்த லாட்ஜிலும் ரூம் கிடைக்காது. அது போக, கோமதியை விட்டுவிட்டு ஓடவா நான் இத்தனை தூரம் வந்தேன்?

பதினைந்து நாள் கழிந்தது. பதினாறாம் நாள் காலை பஜாருக்குப் போய் முகச்சவரம் செய்துகொண்டு, மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு வந்தேன். இனி நான் பொருள் இல்லை. வாசலில் நுழையும்போது எதற்காவது ஒரு சத்தம் போட வேண்டும், அவளுக்கு அது பிடிக்கும் என்றுகூட யோசித்தேன். வாசலில் மச்சானுடைய செருப்பு கிடந்தது.

உள்ளே இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"மாப்ள, கணக்கே இன்னும் ஆரம்பிக்கல. வாங்குனவ அவ. அவ வாயால பேரச் சொன்னாத்தான் பொருள் கைக்கு வந்ததா அர்த்தமாம். நான் சொன்னதுக்கு அடிச்ச மணி, தப்புன்னு அடிச்ச மணி. நிலுவைலயே கெடக்கு."

பூப்பொட்டலம் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோமதி நினைத்தால் அந்த நிமிடமே ஒரு பெயரைச் சொல்லி, என்னைக் காப்பாற்றும் கணக்கை ஆரம்பித்து வைத்திருக்கலாம். அவள் எழுந்து தார் எந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள், ஆனால் அதை ஓட்டவில்லை.

மச்சான் கிளம்பிப் போன பிறகு அவள் எதிரில் உட்கார்ந்தேன். "என்னைத் திருப்பி அனுப்பப் போறியா கோமு?"

"அவியளா இருந்தா இப்படிக் கேக்கமாட்டாவ. 'அனுப்பிப் பாருளா'ம்பாவ."

"பயமா இருக்குளா. நீ ஒரு வார்த்த சொன்னா நான் இல்ல. அத வச்சுக்கிட்டு நான் எப்படிச் சத்தம் போட? உன்கிட்ட உப்பில்லன்னு எப்படிச் சொல்ல?"

"அவிய எதுக்கும் பயந்ததே இல்ல."

"பயந்தான். உன்னை விட்டுட்டுப் போகப் பயந்தான், அங்க மேல ஏறப் பயந்தான். சத்தம் போட்டு மறச்சிக்கிட்டான். எனக்குத் தெரியாதா? எனக்கு மறைக்க வழியில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்."

அவள் கண் கலங்கியது. நான் சொன்னதை அவள் நம்பினாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அவள் சொன்ன பதில் வேறு.

"நீங்க நல்லவியதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அங்க ஒருத்தர் படுத்துக் கெடக்காவ. எனக்குத் தாலி கட்டுன கை அங்கதான் இருக்கு. நான் உங்க பேரச் சொன்னா பதினஞ்சு நாள்ல அவியள முடிச்சிருவாங்க. சொல்லாமத் திருப்பி அனுப்புனா உங்கள. எந்த வாயால நான் என்ன சொல்ல? எனக்கும்தான் பயமா இருக்கு. உங்களுக்குச் சோறு போடும்போதெல்லாம் அவிய பட்டினியாக் கெடக்காவளேன்னு இருக்கு."

பூவை அவளே எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டாள்.

மச்சான் சும்மா இருக்கவில்லை. விதிகளைத் தோண்டினார். வாங்கியவர் மனம் மாறித் திருப்பினால் அஞ்சல் செலவு வாங்கியவருடையது. பொருளிலேயே குறை இருந்தால் வந்த செலவு, போகும் செலவு இரண்டும் விற்றவருடையது. அது நுகர்வோர் உரிமை. நொடிவழிக்கு எழுதிக் கேட்டார். 'பொருளில் குறை எதுவும் இல்லை' என்று ஒரு வரியில் பதில் வந்தது. மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார். மச்சான்மேல் எனக்குக் கோபம் இல்லை. தங்கை புருஷனைக் காப்பாற்றத்தான் அவர் ஓடினார். அந்தப் புருஷன் நானா அவனா என்பதுதான் பிரச்சினை.

விசாரணைக்கு என்னையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் கோமதி ஜன்னல் ஓரம், நான் நடுவில், மச்சான் இந்தப் பக்கம். மன்ற வளாகத்தில் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். என்னை வழக்குச் சாமான்கள் வைக்கும் மேசைப் பக்கம் நிற்கச் சொன்னார் ஒரு ஊழியர். மேசையில் ஓர் உடைந்த மிக்ஸியும், சாயம் போன பட்டுப்புடவையும் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் நின்றேன்.

மன்றத் தலைவர் ஓர் அம்மாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்கிறவர். கோமதி குறைகளைச் சொன்னாள். ரசம், வண்டி, தட்டு, சிரிப்பு. கம்பெனி வக்கீல் நல்ல உயரமான இளைஞர், இஸ்திரி கலையாத ஆள்.

"மேடம், உப்பில்லாத ரசத்தக் குடிக்கிறது ஒரு குறைபாடா? அப்படின்னா நாட்டுல பாதிப் புருஷன்களத் திருப்பி அனுப்பணும்."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வக்கீல் என் பக்கம் பேசுகிறார் என்பதே அப்போதுதான் உறைத்தது. அவர் ஜெயித்தால் நான் பிழைப்பேன்.

"அவர் என்ன சொல்றாருன்னு கேப்போம்" என்றார் தலைவர்.

"பொருளுக்கு வாக்குமூலம் கிடையாது மேடம்."

"பொருளப் பரிசோதிக்க எனக்கு அதிகாரம் இருக்கு. இப்ப பரிசோதிக்கறேன். நீங்க சொல்லுங்க."

நான் முந்தின நாளிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். நானேதான் ஆவுடையப்பன், எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, எங்கள் கல்யாணத்தில் பந்தியில் நடந்த சண்டைவரை சொல்வேன் என்று. கோமதியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்கும்மா" என்றேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வக்கீலிடம் திரும்பினார். "குறை இருக்கா இல்லையான்னு சொல்ல எனக்கு அசல் வேணும். குளிர் அறையில இருக்கறவரோட உடல்நிலை அறிக்கையக் குடுங்க. ஒப்பிட்டுப் பாத்துட்டு யார் செலவு ஏத்துக்கறதுன்னு சொல்றேன்."

வக்கீல் தன் காகிதக் கட்டைப் புரட்டினார். அதில் எதையும் தேடவில்லை என்று இங்கிருந்தே தெரிந்தது.

"மேடம், எங்க தரப்பு வாதம் வேற. திருப்பி அனுப்பறதுங்கற விஷயமே நடைமுறையில இல்ல. அதனால அஞ்சல் செலவுங்கற கேள்வியே எழாது."

"ஏன் இல்ல? உங்க கடையிலயே திருப்பலாம்னு போட்டிருக்கே."

"போட்டிருக்கு. ஆனா ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒருத்தர்கூட அந்தச் செலவக் கட்டித் திருப்பினது கிடையாது. யாரும் வராத ஒண்ணுக்காகக் குளிர் அறைகளப் பராமரிக்கறது வீண்செலவுன்னு கம்பெனி முடிவு பண்ணிச்சு."

"அப்ப அசல்கள எங்க வச்சிருக்கீங்க?"

வக்கீல் குரலைத் தாழ்த்தவில்லை. வாடகை ஒப்பந்தம் பற்றிப் பேசுவதுபோலவே சொன்னார். "வைக்கறதில்ல மேடம். அனுப்பினதும் கழிச்சிடறோம்."

மச்சான் எழுந்து நின்று, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். கோமதிதான் கேட்டாள்.

"என்னைக்கு?"

வக்கீல் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "அனுப்பின அன்னைக்கேம்மா."

அவள் பெஞ்சிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். என்னை இனி யாரும் எங்கேயும் திருப்பி அனுப்ப முடியாது என்பது அந்த நேரத்திலும் எனக்குப் புரிந்தது. அந்த நிம்மதி ஒரு கணம் வந்தது, வந்ததற்காக என்மேலேயே அருவருப்பு வந்தது. அவன் அங்கே நம்பிக்கையோடு படுத்தான். கண்ணை மூடும்போது அவன் கடைசியாக நினைத்தது என்ன என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கோமதி தனியாக வருவாளா, அண்ணனைக் கூட்டிக்கொண்டு வருவாளா என்பதுதான் அது. பதில் எனக்குக் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. அங்கே யாராவது அவன் கண்ணைத் திறக்கவிட்டார்களா, அவன் ஏதாவது கேட்டானா என்ற பயம் அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. வந்த அஞ்சல் செலவும், திருப்ப முடியாமல் போனாலும் திருப்பும் அஞ்சல் செலவும் நொடிவழி கொடுக்க வேண்டும். அசல்களைப் பற்றிக் காவல் துறை விசாரிக்க வேண்டும். 'பொருள் வாங்கியவரிடமே இருக்கும்' என்று கடைசியில் ஒரு வரி. ஊரெல்லாம் மச்சானைப் பாராட்டினார்கள். பக்கத்துத் தெருவில் பார்சலில் வந்த இருவர் இருந்தார்கள். அவர்கள் வீடுகளில் அன்று முழுக்க அழுகைச் சத்தம் கேட்டது.

காரியம் செய்து வைக்கிறவரைக் கோமதி அழைத்துவந்து கேட்டாள். அவர், இறந்தது எப்போதானாலும் கேட்ட நாளிலிருந்து கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். அவர் வெளியூர்க்காரர், விவரம் எதுவும் தெரியாது. புருஷன் வெளிநாட்டில் இறந்துவிட்டார், உடல் வரவில்லை என்று மட்டும் மச்சான் சொல்லியிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. நொடிவழி திருப்பிக் கொடுத்த அஞ்சல் பணத்தில்தான் பதினாறாம் நாள் காரியத்துக்கு அரிசியும் காய்கறியும் வந்து இறங்கின.

குளக்கரையில் செங்கல்லை நட்டு, தர்ப்பையையும் எள்ளையும் எடுத்து வைத்துவிட்டு அவர் நிமிர்ந்தார். "பங்காளிமார்ல யாரு உக்காரப்போறது?"

என் தகப்பனாருக்கு நான் ஒரே பிள்ளை. பங்காளி என்று சொல்ல வேறு ஆள் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேட்டியை மடித்துக்கொண்டு ஈர மண்ணில் உட்கார்ந்தேன். தர்ப்பையை வாங்கும்போது நழுவவிட்டேன்.

"எறந்தவியளுக்கு இவரு என்ன முறை? முறை சொல்லித்தான் எள்ளும் தண்ணியும் விடணும்" என்றார் அவர்.

என்ன சொல்வது? மச்சான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்கள் கூட்டத்தில் கோமதி நின்றிருந்தாள், கழுத்து வெறுமையாக இருந்தது. எனக்கு அப்போது இருந்த பயம் மன்றத்தில்கூட இருந்ததில்லை. இந்தக் கேள்விக்கு அவள் சொல்லப்போவதுதான் என் கணக்கை முடிக்கும் என்று தெரிந்துவிட்டது. யாரும் இல்லை, சும்மா ஒரு ஆள் என்று அவள் சொல்லிவிட்டால் நான் எழுந்து போக ஓர் இடமும் கிடையாது.

அவள் ஓரடி முன்னால் வந்தாள். குரல் தெளிவாக இருந்தது.

"அவியளுக்குத் தம்பி. எனக்குக் கொழுந்தன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, அண்ணனுக்குத் தம்பி செய்கிறதாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். எள்ளும் தண்ணீரும் விட்டேன். கடைசியில் பிண்டத்தை நானே குளத்தில் கரைத்தேன்.

அன்று முதல் மச்சான் கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் படுத்துக்கொள்கிறேன். அடையாள எண்ணுக்கு மனுப் போட்டிருக்கிறோம், தம்பி என்றே எழுதி. மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் கோமதி வீட்டுக்கு வரச் சொன்னாள். முதல் நாள் போனபோது இலை போட்டு, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். குழம்பில் உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, அதை வாய்விட்டுச் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நாளைக்குக் குறைத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டுச் சோற்றுச் சட்டியோடு இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?"

"போதும் மதினி" என்றேன்.